‘கவனிப்பாரற்று’ என்ற சொல்லை எடுப்பது பற்றி

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை எழுதியவன் நான்.

பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் புதுப்பிக்கப்போகிறோம், மக்களின் கருத்தைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யப்போகிறோம், அதற்கு நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதித் தாருங்கள் என்று நகராட்சியில் கேட்டார்கள். எழுதினேன். முதல் வரி இது: ‘பதினோரு ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நமது பெருமைக்குரிய நீதிமன்றம் மீண்டும் உயிர்பெறுகிறது.’

கட்டடத்தை வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருந்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. படிக்கட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. எழுதுகிறவனுக்கு ஒரு துருப்பிடித்த பூட்டும் ஒரு நாயும் கிடைத்துவிட்டால் போதும், ‘கவனிப்பாரற்று’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கூப்பிடக்கூட வேண்டாம்.

பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இல்லை. [இந்த வாக்கியம் கொஞ்சம் அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

2

மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘மழை விட்ட மாலையில், இடிந்த கனவைப் போல நின்றிருந்த அந்தக் கட்டடத்தின்—’ வேண்டாம். கனவு இடிந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. கட்டடம் இடியவும் இல்லை. ஏன் இடியவில்லை என்பதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது: ‘கணவன் தவறி விழுந்து இறந்த அதே கூரைமீது அவள் ஆண்டுதோறும் ஏறினாள்—’ இதை எழுதி முடித்ததும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாரைப் பற்றி எழுதினேனோ அவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, “ஏங்க, நீங்க செத்துட்டீங்களாம். சார் எழுதியிருக்கார்” என்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவர் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, “எப்போ?” என்று கேட்டார்.

“ஆள் சாகாம உங்களுக்குக் கதை எழுத வராதா சார்?” என்றார் மனைவி. “நடந்ததை எழுதுங்க. நடந்ததே போதும், வயிறு எரிய.”

ஆகவே மூன்றாவது தொடக்கம்.

3

அந்தப் பகுதியில் எல்லாரும் அவரை ஏணியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓட்டுக் கூரை வேலை செய்கிறவர். வயது நாற்பத்தெட்டு. தோளில் ஏணியோடு அவர் தெருவில் திரும்பினால் சைக்கிளில் வருகிறவர்கள் தாமாகவே தலையைக் குனிந்துகொள்வார்கள். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும்.

நீதிமன்றத்தின் பின்சுவர்தான் அவர் வீட்டுக்கும் பின்சுவர். அப்படி மூன்று வீடுகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. அவருடைய மாமனார் நீதிமன்றத்துக்குத் தண்ணீர் சுமந்தவர். தினமும் தொலைவிலிருந்து வந்துபோக வேண்டாம், இங்கேயே ஒரு வீடு போட்டுக்கொள் என்று அப்போதிருந்த நீதிபதி வாயால் சொன்னார். காகிதத்தில் சொல்லவில்லை. நீதிபதியே சொன்னபிறகு காகிதம் எதற்கு என்று மாமனார் இருந்துவிட்டார், பாவம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் புதுக் கட்டடத்துக்குப் போனது. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் லாரி ஏறின. அந்த ஆண்டு மழையில் கூரையிலிருந்து தண்ணீர் வடியும் தகரக் கால்வாயை இலைகள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் பின்சுவருக்குள் இறங்கி, ஏணியக்காவின் சுவர் அலமாரிக்குள் வந்தது. அலமாரியில் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்தன.

மறுநாள் நகராட்சிக்குப் போனார். அது நீதித்துறைக் கட்டடம் என்றார்கள். அதற்கடுத்த நாள் புது நீதிமன்றத்துக்குப் போனார். நகராட்சியிடம் ஒப்படைத்தாயிற்று என்றார்கள். மூன்றாம் நாள் ஏணியைச் சாத்தினார்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஒரு வாரம் அவர் அந்தக் கூரைமேல் இருப்பார். கால்வாயிலிருந்து இலையை அள்ளுவார். உடைந்த ஓட்டை உருவிவிட்டு நல்ல ஓட்டைச் செருகுவார். ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம் உளுத்திருந்தால் மாற்றுவார். முதலில் தன் வீட்டுப் பக்கம் மட்டும் பார்த்தார். நாலாவது ஆண்டில் முன்பக்கம் வரை வந்துவிட்டார். ஓடுகள் எல்லாம் அவர் வேலை செய்த வீடுகளில் மிஞ்சியவை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவை.

“உங்க சுவரோட நிறுத்திக்கலாமே. முன்பக்கம் எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஒழுகுற கூரையைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது சார். தப்பா எழுதின வரியைப் பாத்தா உங்களுக்குக் கை பரபரக்காதா?”

எனக்குப் பரபரத்திருந்தால்— [நிறுத்து. இது உன் கதை இல்லை.]

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே எனக்கு ஒரு பயம் வந்தது. ஏணியக்கா அளவுக்கு மீறி நல்லவராகிக்கொண்டு வருகிறார். நல்லவர்களைப் படித்தால் உங்களுக்குக் கண் கலங்கும். கண் கலங்கியபின் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவீர்கள். ஆகவே குறித்துக்கொள்ளுங்கள்: துணி காயப்போடும் கயிற்றுக்காகப் பக்கத்து வீட்டுக்காரியோடு அவர் நாலு ஆண்டாகப் பேசுவதில்லை. படிக்கட்டில் படுக்கும் நாயைக் கண்டால் கல்லை எடுப்பார். கூரைமேல் ஏறியதற்கு முதல் காரணம் என்ன என்று கேட்டால், “என் சுவர். வேற என்ன?” என்பார்.)

4

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகராட்சி மண்டபத்தில் நடந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் மாதிரி உருவம். சுவரோரம் மூன்று பலகைகள். பச்சைச் சீட்டில் ஆசை, மஞ்சள் சீட்டில் நினைவு, சிவப்புச் சீட்டில் கவலை. எழுதி ஒட்ட வேண்டும். மைக்கோடு சுற்றிவந்த ஒருங்கிணைப்பாளர் ஓர் இளம்பெண், ஓயாத சிரிப்பு. நகராட்சிப் பொறியாளர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் மாதிரிக்குப் பக்கத்தில் நின்றார். கல்லெறிய வசதியாக ஒரு கெட்டவரை உங்களுக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி ஒருவரும் அங்கே இல்லை. எல்லாரும் நல்லவர்கள், நல்லதுக்காக விடுமுறை நாளில் வந்தவர்கள். குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன்.

ஏணியக்கா, அந்த வீட்டில் பிறந்து அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட தன் நாத்தனாரோடு வந்தார். கையில் கனமான துணிப்பை. பலகைகள் பக்கமே போகவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், குனிந்து, பின்பக்கம் பார்த்தார்.

“எங்க வீடு எங்க?”

அந்த இடத்தில் பச்சை நிற ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது.

“அது புல்வெளிம்மா” என்றார் பொறியாளர். “பின்னால ஒட்டிக் கட்டினதை எல்லாம் எடுத்துட்டு, கட்டடத்தோட ஆதித் தோற்றத்தைக் கொண்டுவர்றோம்.”

“ஒட்டினதா? நாங்க என்ன சுவர்ல ஒட்டின போஸ்டரா?” என்றார் நாத்தனார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் நன்றாகவே ஏறும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏணியக்கா நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, நாத்தனார் முன்பே படித்துக் காட்டியிருந்த கையேட்டை விரித்து முதல் வரியில் விரலை வைத்து, ஒருங்கிணைப்பாளரிடம் நீட்டினார்.

“இந்தச் சொல்லை எடுக்கணும்.”

“எந்தச் சொல்லும்மா?”

“கவனிப்பாரற்று.”

“அது சும்மா முன்னுரைம்மா. நீங்க உங்க ஆசையைச் சொல்லுங்க. இங்க என்ன வரணும்? நூலகமா? காபிக் கடையா? சாட்சிக்கூண்டுல நின்னு போட்டோ எடுத்துக்குற மாதிரி ஒரு இடம் வேணும்னு நிறையப் பேர் எழுதியிருக்காங்க. பச்சைச் சீட்டு தரட்டுமா?”

“எனக்கு ஆசை ஒண்ணும் இல்ல மேடம். இந்தச் சொல்லை எடுங்க. பதினோரு வருஷமா நான் கவனிச்சிருக்கேன்.”

“அப்படின்னா அது நினைவு” என்று ஒருங்கிணைப்பாளர் மலர்ந்த முகத்தோடு மஞ்சள் சீட்டை நீட்டினார்.

“அண்ணி, வீட்டைப் பத்திக் கேளுங்க” என்று நாத்தனார் முழங்கையால் இடித்தார்.

“அதைத்தான் கேக்குறேன். ஒருத்தரும் கவனிக்கலன்னா அங்க ஒருத்தரும் இல்லன்னு ஆகுது. ஒருத்தரும் இல்லாத இடத்துல புல்லுதான் மொளைக்கும். இந்தச் சொல்லு போனாத்தான் வீடு நிக்கும்.”

எத்தனையோ ஆண்டுகளாகச் சொற்களோடு பிழைக்கிற எனக்கு, அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வீடுகளை இடிக்கும் பலம் இருப்பது அப்போதுதான் உறைத்தது.

சூழ்நிலையை இளக்குவதற்காகப் பொறியாளர் மைக்கை வாங்கினார். “எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. ஆய்வு பண்ணிப் பாத்ததுல, கூரை ஆச்சரியப்படுற நிலையில இருக்கு. இத்தனை வருஷம் கேட்பாரில்லாம கிடந்தும் ஒரு சொட்டு ஒழுகல. அந்தக் காலக் கட்டுமானத்தோட தரம் அப்படி!”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைதட்டல் ஒரு தொற்றுவியாதி.

ஏணியக்கா துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் நாலு துண்டாக உடைந்த ஓடு. இன்னொரு பக்கம் முழு ஓடு.

“இது அந்தக் காலத் தரம். நாலு துண்டு. இது இப்போ மேல இருக்குறது. திருப்பிப் பாருங்க சார். ஆத்தங்கரைச் சூளையோட முத்திரை. அந்தச் சூளையில மொதல் தீ வெச்சே எட்டு வருஷந்தான் ஆகுது. அந்தக் காலத்து ஆளுங்க எழுந்து வந்து மாட்டிட்டுப் போனாங்களா?”

சிலர் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். “ஒரு ஓடுதானேம்மா.”

“அறுநூத்திப் பத்து. ஏணி வெளிய இருக்கு. ஏறிப் பாருங்க.”

“ட்ரோன் விட்டு முழுசாப் படம் எடுத்தாச்சு.”

“ட்ரோன் ஓட்டைத் திருப்பிப் பாக்குமா?”

யாரும் ஏறவில்லை. கூட்டம் முடிந்தபின் நான் மட்டும் அவரோடு போய் ஏறினேன். வீரம் ஒன்றுமில்லை, பாதி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே அவர் ஒவ்வோர் ஓடாகத் தூக்கித் தூக்கிக் காட்டினார். முத்திரை, முத்திரை, முத்திரை. அந்தச் சூளை வருவதற்கு முன் போட்டவற்றில் முத்திரைக்குப் பதில் பழைய பிறந்தகத்தின் சுண்ணாம்புக் கறை. எந்த ஓடு எந்த வீட்டில் மிஞ்சியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். “போதுங்க, நம்புறேன்” என்றேன். “நம்ப வேணாம். பாருங்க” என்றார்.

5

வீட்டுக்கு வந்து, ஏணியக்கா சொன்னதையும் காட்டியதையும் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். கையேட்டின் முதல் வரியில் அந்தச் சொல்லை அடித்தேன். இரண்டையும் நான் தொகுத்த கூட்ட அறிக்கையோடு சேர்த்து அனுப்பினேன்.

இரண்டாம் நாள் பொறியாளர் கூப்பிட்டார். “சார், அந்தச் சொல்லு இருந்தாகணும். கவனிப்பாரற்ற கட்டடம்னாத்தான் இந்தத் திட்டத்துக்குள்ளயே வரும். அதோட, அந்தம்மா கூரைமேல ஏறினாங்கன்னு நாமளே எழுதினா, பூட்டின அரசுக் கட்டடத்துல அத்துமீறினாங்கன்னு ஆயிடும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவங்க நல்லதுக்குத்தான். இதைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் யாருக்கோ கழுத்து நெரிபடுகிறது என்று நான் கண்டுகொண்டிருக்கிறேன். கண்டும் என்ன? “பிறகு திருத்திக்கலாம்” என்றார். சரி என்றேன்.

அச்சாகி வந்த அறிக்கையில் ‘மக்கள் கூறியவை’ என்ற தலைப்பின் கீழ் என் ஒரு பக்கம் ஒரு வரியாகியிருந்தது. அந்த வரியை அப்படியே தருகிறேன், நான் இட்டுக்கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள்:

‘பழைய கூரையின் தரத்தைப் பொதுமக்கள் வெகுவாகப் பாராட்டினர்.’

கடைசிப் பக்கத்தில், தொகுத்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து.

[இங்கே நான் ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று விளக்கும் ஒரு பத்தி இருந்தது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நான் பாவப்பட்டவனாக வந்தேன். அடித்துவிட்டேன்.]

6

அறிக்கையை நகராட்சி வாசலில் ஒட்டினார்கள். ஏணியக்காவுக்கு நாத்தனார்தான் சத்தமாகப் படித்துச் சொன்னார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நான் பாராட்டினேனா சார்?” ஏணியக்காவின் குரல் மிகவும் இறங்கியிருந்தது. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

“நான் எழுதினதை அலுவலகத்துல மாத்திட்டாங்க.”

“கீழ யார் கையெழுத்து?”

“என்னோடது.”

“யாராவது கையைப் பிடிச்சுப் போட வெச்சாங்களா?”

“இல்ல.”

“வாங்க அண்ணி, இவருகிட்ட என்ன பேச்சு” என்றார் நாத்தனார். “நம்மகிட்டக் கேட்டு, நம்ம வாயாலயே நம்ம வீட்டை இடிக்கிறாங்க. இதுக்குக் கேக்காமலே இடிச்சிருக்கலாம்.”

ஏணியக்கா நகரவில்லை. என் மேசையைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த தாள்களைப் பார்த்தார்.

“யாரும் கவனிக்கலன்னு எழுதிட்டீங்க. சரி. பெரியவங்க எழுதினது பொய்யாகக் கூடாது இல்ல?”

போய்விட்டார்கள். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் விளங்கியது.

7

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏணியக்கா ஏணியைச் சாத்தினார். ஏறினார். தான் போட்ட ஓடுகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். நாத்தனார் கீழே நின்று கயிற்றில் இறங்கும் கூடையை வாங்கி அடுக்கினார். பழைய ஓடுகள் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. ஓட்டைத் தூக்குவார், முத்திரையையோ கறையையோ பார்ப்பார், தன்னுடையதா என்று உறுதிசெய்துகொள்வார், அப்புறம்தான் கூடையில் வைப்பார். கையில் எடுத்ததை வீசவில்லை, உடைக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் போட்டதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

பட்டப்பகலில்தான் நடந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. ஏன் தெரியுமா? புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் கீழே நின்று, “பாத்து, பாத்து” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருங்கிணைப்பாளர் தெருவிலிருந்து படம் பிடித்து, ‘நம் கனவு நனவாகிறது’ என்று எழுதிப் பகிர்ந்தார். படத்தில் வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு ஏணியக்கா குனிந்திருந்தார். முந்நூறு பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். பதினோரு ஆண்டுகள் அந்தக் கூரையில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தவர், பிரிக்கும்போதுதான் தெரிந்தார்.

நாலாம் நாள் நகராட்சியிலிருந்து போலீசுக்குப் புகார் போனது. தொன்மையான கட்டடத்தைச் சேதப்படுத்தியவர் என்று அதில் ஏணியக்காவின் முழுப் பெயர் இருந்தது. கணவர் பெயர் இருந்தது. கதவு எண் இருந்தது. மாதிரியில் ஸ்பாஞ்சாக இருந்த வீட்டுக்குப் புகாரில் கதவு எண்! கவனித்தவர் என்று எழுத எந்தத் தாளிலும் இடமில்லை என்றார்கள். சேதப்படுத்தியவர் என்று எழுதக் கட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள்.

ஓடுகள் மேலே இருந்ததைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் என்று என்னைச் சாட்சியாகப் போட்டார்கள்.

8

இனி முடிவு.

எனக்குத் தெரிந்த முடிவுகள் சில உண்டு. (அ) மேலதிகாரி ஒருவர் வருகிறார், உண்மையை அறிகிறார், ஏணியக்காவை மேடையேற்றுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். கைதட்டலைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன். (ஆ) நான் சாட்சி சொல்லி, என் பொய்யை எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, திருந்திய மனிதனாக வெளியே வந்து— ச்சீ. (இ) வீடுகள் இடிக்கப்படுகின்றன, புல் முளைக்கிறது, புல்லில் ஒரு நாற்காலி போட்டு யாரோ காபி குடிக்கிறார்கள். இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதற்காகவே இதை நான் எழுதித் தர மாட்டேன். அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது போதும்.

இதுவரை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்தினம் மதியம் ஏணியக்கா வீட்டுக்குப் போனேன். “நாளைக்கு நான் என்ன சொல்லணும்?” என்று கேட்டேன்.

“பாத்ததைச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு என் வீட்டுக்கு வந்தீங்க?”

நியாயமான கேள்வி. அதற்குள் மழை பிடித்தது. அந்த ஆண்டின் முதல் பெருமழை. சுவருக்கு அந்தப் பக்கம், காலியான கூடத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கமும் சுவர் கறுத்துக்கொண்டு வந்தது. ஏணியக்காவின் அலமாரி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் முன்பே நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். தன் வீடும் நனையும் என்று தெரிந்துதான் ஒவ்வோர் ஓட்டையும் உருவியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் ஒரு வாளியைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார்.

கதவைத் தட்டினார்கள். பொறியாளரும் ஒருங்கிணைப்பாளரும். ஒரே குடையில், இருவரும் பாதிப் பாதி நனைந்து.

“அம்மா, உள்ள ஊத்துது” என்றார் பொறியாளர். “நீதிபதி மேடை, மரத் தரை, எல்லாம் போயிடும். கூரை வேலைக்கு ஆள் கேட்டா, இந்த மழையில யாரும் வரமாட்டேங்குறாங்க. அந்தக் கூரையோட போக்கு உங்களுக்குத்தான் தெரியும். ஒரு தடவை ஏறி, முடிஞ்ச அளவுக்கு மூடிட்டீங்கன்னா…”

“புகாரு?” என்றார், உள்ளேயிருந்து வந்த நாத்தனார்.

“அதை அப்புறம் பேசிக்கலாம்.”

“வீடு?”

“அதையும் அப்புறம் உட்கார்ந்து பேசுவோம். இப்போ அவசரம்.”

ஏணியக்கா வாசற்படியில் நின்றிருந்தார். வந்த இருவருக்கும் பின்னால் அறுநூற்றுப் பத்து ஓடுகள், சந்து நெடுகிலும் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவர் பொறியாளரைப் பார்த்து, கிட்டத்தட்டக் காதில் விழாத குரலில் கேட்டார்:

“அந்தச் சொல்லு?”

பொறியாளர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் பொறியாளரைப் பார்த்தார்.

“எந்தச் சொல்லும்மா?” என்றார் பொறியாளர். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அதற்கு ஏணியக்கா ஒரு பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன், தெளிவாகக் கேட்டது. இரண்டே வாக்கியம். அதை எழுதினால் இந்தக் கதை நன்றாக முடியும் என்று எழுதுகிறவனின் மூக்குக்குத் தெரிகிறது.

எழுதமாட்டேன். அவர் வாயிலிருந்து வந்த சொல் ஒரு முறை என் கைவழியாகப் போய் எப்படி வெளியே வந்தது என்று நீங்களே படித்தீர்கள். ‘பொதுமக்கள் வெகுவாகப் பாராட்டினர்.’ இன்னொரு முறை அந்தக் கையை நம்ப எனக்கே துணிவில்லை. அவர் ஏறினாரா, கதவைச் சாத்தினாரா, நான் மறுநாள் என்ன சொன்னேன், எதுவும் இங்கே கிடைக்காது.

தெரிந்தே ஆக வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள். அவர் உட்காரச் சொல்லமாட்டார், நின்றுகொண்டே கேளுங்கள். சொன்னால், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தாதீர்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் சரி என்றால் அதுதான் முடிவு. அவர் இல்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

என்னைக் கேட்காதீர்கள்.